ஒரு கோல் கூடிய நிலம்

ஹார்ல்கோம் ஊரில் கில்பர்ட் ஹைடின் நிலம் அவன் வீட்டில் பிள்ளை பிறந்தால் ஒரு கோல் அகலமாகும். வீட்டில் யாராவது செத்தால் அவர் பங்கு எவ்வளவோ அவ்வளவு குறைந்துபோகும். வேலியை ஒட்டி வெளியே சுற்றி நடந்தால் எப்போதும் அதே தூரம்தான். பக்கத்து நிலக்காரர்கள் யாரும் ஒரு சாண் மண்ணைக்கூட இழந்ததில்லை. உள்ளே கோல் வைத்து அளக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். பிறந்த குழந்தைக்கு ஒரு கோல், பிறகு வருஷத்துக்கு ஒரு கோல், பன்னிரண்டு கோல் ஆனதும் நின்றுவிடும். அந்த ஊரில் பன்னிரண்டாம் வயது நடப்பவன் முழு ஆள், மன்றத்தில் கை உயர்த்திச் சத்தியம் செய்யலாம். நிலத்துக்கும் அது தெரிந்திருந்தது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை என்பது ஊராரின் கருத்து. ஹைட் என்ற சொல்லுக்கே பழைய நாளில் அர்த்தம் அதுதான்: ஒரு குடும்பம் ஒரு வருஷம் வயிறு காயாமல் இருக்க எவ்வளவு நிலம் வேண்டுமோ, அவ்வளவு. கொழுத்த மண்ணில் அது சின்னதாக இருக்கும், எங்கள் சுண்ணாம்புச் சரிவில் பெரிதாக இருக்கும். எத்தனை ஏக்கர் என்று கேட்பது அடுத்த வீட்டுச் சட்டியைத் திறந்து பார்ப்பது போல மரியாதைக்குறைவு. பிறகு ராஜாவின் எழுத்தர்கள் வந்து, ஒரு ஹைட் என்றால் நூற்றிருபது ஏக்கர் என்று எழுதிவிட்டுப் போனார்கள். மற்ற ஊர்களில் நிலங்கள் அதைக் கேட்டு அடங்கி, சொன்ன அளவில் நின்றுகொண்டன. ஹார்ல்கோமில் ஒரே ஒரு நிலம் மட்டும் பழைய பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தப் பெயர் மனிதர்கள்மேல் ஏறியது ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறில். ஆள் கணக்கு எடுக்க வந்த எழுத்தருக்குக் கடுமையான ஜலதோஷம். ஊரில் ஏழு கில்பர்ட்டுகள் இருந்தார்கள். பழைய பாதிரியார் ஒருவர் கில்பர்ட் என்ற புனிதர்மேல் அதிகப் பக்தி வைத்துவிட்டதன் பலன். எழுத்தர் மூக்கைச் சிந்திவிட்டு, யார் கையில் எவ்வளவு நிலம் என்று மட்டும் கேட்டார். ஒரு யார்டு நிலம், அதாவது முப்பது ஏக்கர், வைத்திருந்தவன் கில்பர்ட் யார்டு ஆனான். அதில் பாதி வைத்திருந்தவன் ஹாஃப்யார்டு. கால் பங்குக்காரன் ஃபார்திங். நல்ல மண்ணாக ஒரே ஏக்கர் வைத்திருந்தவன் குட்ஏக்கர், கெட்டதில் அரை ஏக்கர் வைத்திருந்தவன் ஹாஃப்ஏக்கர். ஒரே ஒரு நீளச் சால் வைத்திருந்தவன் ஃபர்லாங். அன்றிலிருந்து அவன் கூப்பிட்டால் சரியாக ஒரு ஃபர்லாங் தூரம் கேட்கும், அதற்கு ஒரு அடி தள்ளி நின்றவனுக்கு ஒன்றும் கேட்காது. சரிவில் பழைய ஹைட் நிலத்தில் இருந்தவன் கில்பர்ட் ஹைட். ஒரே மத்தியானத்தில் முடிந்த வேலை. சாகும்வரை என்ன, செத்த பிறகும் பேரன் பேத்திகள் தலையில் உட்காரப் போகிற பெயர் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கில்பர்ட் ஹைடின் மனைவி பெயர் அவிஸ். வாய் நீளம், கை அதைவிட நீளம் என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள். மாமனார் ராஃப் இறந்த வாரம் நிலத்தை அளந்தபோது பன்னிரண்டுக்குப் பதில் பதினாறு கோல் சுருங்கியிருந்தது. கிழவர் இத்தனை வருஷம் யார் பங்கிலிருந்து தின்றார் என்று அவிஸ் சவ அடக்கத்துக்கு வந்தவர்கள் முன்னாலேயே கேட்டாள். அதற்குப் பிறகு புருஷனுக்குப் பன்னிரண்டு, அவளுக்குப் பன்னிரண்டு, மொத்தம் இருபத்து நான்கு கோல். இரண்டு முறை அது இருபத்தைந்து ஆனது. முதல் பிள்ளை நாற்பது நாள் இருந்தான், இரண்டாவது பெண் ஒரு வசந்தம் முழுக்க இருந்தாள். அந்தப் பெண்ணின் ஒரு கோலில் அவிஸ் பட்டாணி விதைத்திருந்தாள். பூ விட்டிருந்த ஒரு காலையில் போய்ப் பார்த்தபோது பட்டாணியும் இல்லை, விதைத்த இடமும் இல்லை. இரண்டு பக்கத்து வாற்கோதுமையும் தோள் இடித்துக்கொண்டு நின்றன. வீட்டுக்கு ஓடிவந்து தொட்டிலைப் பார்த்தாள். அந்தப் பெண்ணைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு மனம் இல்லை.

கில்பர்ட்டுக்கு அந்த இடம் தெரியும். யாருக்கும் தெரியாத கோடு அது, ஆனால் உழுதுகொண்டு வரும்போது அங்கே மட்டும் கலப்பையைத் தூக்கித் தாண்டி வைப்பான். மாடுகளும் பழகி, அங்கே வந்ததும் கால் தயங்கும். இரண்டு வருஷம் அப்படித் தூக்கினான். மூன்றாம் வருஷம் ஒரு நாள் கலப்பையைத் தூக்கியவன் மறுபடி கீழே வைக்கவில்லை. பக்கவாட்டில் சாய்த்துவிட்டு, மாட்டைச் சாலிலேயே நிறுத்திவிட்டு, மேற்கே நடந்தான். மேற்கே பிரிஸ்டல் துறைமுகம். பிரபுவின் மண்ணுக்குக் கட்டுப்பட்டவன் ஓடிப்போய் அப்படியொரு பட்டணத்தில் ஒரு வருஷமும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்துவிட்டால் அவன் சுதந்திரமானவன். அதன்பின் பிரபு கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

அடுத்த கோடையில் ஆற்றில் ஒரு உடல் ஒதுங்கியது. முகம் இல்லை. அதைக் கில்பர்ட் ஹைட் என்று தீர்மானித்து, மணி அடித்து, புதைத்தும் விட்டார்கள். பண்ணைக் காரியஸ்தர் உடனே அவிஸை மன்றத்துக்குக் கூப்பிட்டார். ஆண் இல்லாத நிலத்தால் பிரபுவுக்கு வாரத்தில் மூன்று நாள் உழைப்பு தர முடியாது. விதவை ஒரு வருஷத்துக்குள் இன்னொருவனைக் கட்ட வேண்டும், இல்லை வெளியேற வேண்டும். மனைவியை இழந்த கில்பர்ட் ஹாஃப்யார்டு தலையைச் சீவிக்கொண்டு முன்வரிசையில் நின்றிருந்தான்.

"நான் விதவை இல்லீங்க அய்யா," என்றாள் அவிஸ். "வந்து கோல் வச்சுப் பாருங்க."

"பொணத்தைப் புதைச்சாச்சு. இன்னும் என்னம்மா கோலு?"

"யாரோ ஒருத்தனைப் புதைச்சிருக்கீங்க. பாவம், அவன் பொண்டாட்டிகிட்டத் தேடிப் போய்ச் சொல்லுங்க. என் நெலம் சுருங்கலை."

கோலைத் தேவாலயத்திலிருந்து எடுத்து வந்தார்கள். பதினாறரை அடி நீள நேர்க்கம்பு அது. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும் பதினாறு பேரின் இடது பாதத்தை வரிசையாக வைத்துச் சரிபார்த்தது, மிச்ச அரை அடிக்குப் பாதிரியார் தன் குதிகாலை வைத்திருந்தார். காரியஸ்தர் தானே முட்டி போட்டு அளந்தார். இருபத்து நான்கு. திருப்பி அளந்தார். இருபத்து நான்கு. மன்றத்தின் பன்னிரண்டு பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். ஊரே புதைத்த ஒருவனை மண் உயிரோடு வைத்திருந்தது. மண் சொன்னதற்குமேல் சாட்சி இல்லை என்று தீர்ப்பு எழுதினார்கள். காரியஸ்தர் தோல் சுருளில் அவள் பெயருக்கு எதிரே விதவை என்று எழுதி, சுரண்டி, மனைவி என்று எழுதி, அதையும் சுரண்டி, கடைசியில் தோலில் ஓட்டை விழுந்தது. ஓட்டையை அப்படியே விட்டுவிட்டார். உழைப்பு நாட்களை ஹாஃப்யார்டு தன் மாடுகளோடு வந்து செய்து கொடுத்தான்; பதிலுக்கு அவிஸ் அவனுக்கு அறுவடை செய்தாள்.

அந்த அறுவடையில்தான் இன்னொன்று தெரிந்தது. கில்பர்ட்டின் பன்னிரண்டு கோலில் விளைந்த கதிர்கள் பார்க்க ஆள் உயரம், கையில் எடுத்தால் காற்று. அடித்தால் ஒரு மணி உதிரவில்லை. உமி முழுசாக, வாய் திறக்காமல், உள்ளே மட்டும் ஒன்றும் இல்லாமல் இருந்தது. அவன் எங்கேயோ இருந்துகொண்டு தன் பங்கைச் சாப்பிட்டு முடித்திருந்தான். முதல் வருஷம் அவிஸ் அந்த வெறும் கதிரை மடியில் வைத்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். இரண்டாம் வருஷம் அழவில்லை. ஐந்தாம் வருஷம் அவளுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. உழுவது அவள், விதை அவளுடைய பங்கிலிருந்து, களை எடுப்பதும் அவள். தின்பது மட்டும் அவன்.

"வெதைக்காம போடு," என்றான் ஹாஃப்யார்டு. "பசிச்சா பூனைகூட வீடு வந்து சேரும்."

அவள் அப்படியே செய்தாள். பன்னிரண்டு கோலில் நெருஞ்சி முளைத்தது. கம்பளி மூட்டைகளைப் பிரிஸ்டலுக்கு ஓட்டிப்போகும் வண்டிக்காரன் ஓஸ்பர்ட் அந்தக் குளிர்காலம் திரும்பி வந்து, படித்துறையில் கில்பர்ட் ஹைட் என்று ஒருவனைப் பார்த்ததாகச் சொன்னான். அந்தப் பட்டணத்தில் நிலமே இல்லை, ஆனாலும் ஆளை நிலத்தின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். கயிறு திரிக்கிற வேலை. மூன்று சமையல் கடைகளில் மாறி மாறிச் சாப்பிடுகிறான், ஆனாலும் ஆள் துடைப்பக்குச்சி.

"என்ன சொன்னான்?" என்று கேட்டாள் அவிஸ்.

"வெதைக்கச் சொல்லுன்னான்."

"வந்து உழச் சொல்லு."

அவன் வரவில்லை. அவளும் விதைக்கவில்லை. இரண்டு பேரில் யாருக்குப் பிடிவாதம் அதிகம் என்று ஊரில் பந்தயம்கூட நடந்தது. இப்படியே இருக்கும்போது, ஆயிரத்து முந்நூற்று ஒன்பதில், பிப்ரவரி தொடக்கத்தில் வரும் மெழுகுத்திரித் திருநாளுக்கு மறுநாள், வசந்த உழவுக்கு முன் ஊர் வழக்கப்படி கோல் வைத்தார்கள். ஹாஃப்யார்டு எண்ணிக்கொண்டு வந்தான். இருபத்து நான்கு சொன்ன பிறகும் மண் முடியவில்லை. கோலைத் தூக்கி இன்னொரு முறை வைத்தான். வேலியில் சரியாக இடித்து நின்றது. இருபத்தைந்து.

ஒரு கோல் என்றால் என்ன என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். புது மண், ஒரு கல் இல்லை, ஒரு களை இல்லை, அப்போதுதான் பிறந்தது போல ஈரமாக ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது. முன்பு பட்டாணி பூத்து மறைந்த அதே இடத்தில் திறந்திருந்தது. அவிஸ் அதன் ஓரத்தில் நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் போட்ட சத்தம் ஃபர்லாங்கின் குரலைவிட அதிக தூரம் கேட்டது. புருஷன், அவனைக் கெடுத்தவள், பிரிஸ்டல், கயிறு, கடல் எல்லாவற்றையும் தனித்தனியாகத் திட்டினாள். எனக்கு அவளைக் குறை சொல்லத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் விதைக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வரப்பில் நின்றிருந்தவர்கள் வழி விட்டார்கள்.

"எவளோ பெத்த புள்ளைக்கா வெதைக்கப் போறே?" என்றான் ஹாஃப்யார்டு. அவனுக்கு நிஜமாகவே வருத்தம்.

"கோவம் பன்னெண்டு கோலுக்குத்தான்," என்றாள் அவிஸ். "இந்த ஒரு கோலு என்னை என்ன செஞ்சுது?"

கில்பர்ட்டின் பன்னிரண்டு கோலையும் நெருஞ்சியோடு தாண்டிப் போய், அந்த ஒரு கோலில் தன்னிடம் இருந்ததிலேயே நல்ல விதையைப் போட்டாள். ஆடியில் கதிர் முற்றியதும் ஒன்றைக் கிள்ளி வாயில் வைத்துப் பார்த்தாள். உமி. குழந்தை சாப்பிடுகிறது என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள்.

வருஷத்துக்கு ஒரு கோல் கூடியது. மூன்று கோல் ஆன வருஷம் ஓஸ்பர்ட் விவரம் கொண்டு வந்தான். பெண் குழந்தை, பெயர் எம்மட். தாய் பிரசவத்திலேயே போய்விட்டாள். துறைமுகத்தில் ஹெர்ரிங் மீன் விற்கிற ஒருத்தி பகலில் பார்த்துக்கொள்கிறாள். ஆறு கோல் ஆன வருஷம், இலையுதிர் காலத்தில், நெருஞ்சி முளைத்த பன்னிரண்டு கோலும் ஒரே காலையில் மூடிக்கொண்டன. ஓஸ்பர்ட் சேதி கொண்டு வருவதற்கு எட்டு நாள் முன்னாலேயே அவிஸ் மணி அடிக்கச் சொல்லிவிட்டாள். பாதிரியார் அந்த ஆளுக்கு ஏற்கனவே ஒருமுறை அடித்தாயிற்றே என்றார். இந்த முறை நிஜம் என்றாள். கில்பர்ட்டுக்காக அவள் ஒரு வாரம் அழுதாள். தான் விதைத்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பானோ என்று அழுதாள். அந்தக் கேள்விக்குக் கடைசிவரை அவளுக்குப் பதில் கிடைக்கவில்லை.

இப்போது அவள் விதவைதான். ஆனால் நிலத்தில் ஹைட் பெயரில் இன்னொரு உயிர் இருந்ததால் மன்றம் அவளைத் தொடவில்லை. அந்தப் பெண்ணை இங்கே கூட்டி வந்துவிடு, வாரிசாக எழுதிவிடலாம் என்று காரியஸ்தர் இனிக்க இனிக்கச் சொன்னார். அவிஸ் ஏமாறவில்லை. எம்மட் பட்டணத்தில் பிறந்தவள், யாருடைய ஆளும் இல்லை. இந்தச் சரிவில் வந்து ஒரு வாய் கஞ்சி குடித்தால் மறுநாளே பிரபுவின் ஆள். அவிஸாலும் அனுமதி இல்லாமல் எல்லையைத் தாண்ட முடியாது, கேட்டாள், தரவில்லை. ஆக ஒருத்தியை ஒருத்தி பார்க்காமலே, நடுவில் இரண்டு நாள் வழி இருக்க, ஒரே நிலத்தில் இருந்தார்கள்.

பிறகு மழை வந்தது. ஆயிரத்து முந்நூற்றுப் பதினைந்து வசந்தத்தில் ஆரம்பித்து, இடையில் மூச்சு விடுவது போல நின்று, மறுபடி பெய்தது. வைக்கோல் நின்ற நிலையில் அழுகியது. ரொட்டி மாவைச் சூடான சட்டியில் உலர்த்தித்தான் பிசைய முடிந்தது. ஆடுகள் செத்தன. ஃபார்திங் வீட்டில் அந்தப் பனிக்காலத்தில் நான்கு பேரைப் புதைத்தார்கள். ஜனங்கள் விதைக்கு வைத்ததையே தின்றார்கள், தின்னாதவர்களை முட்டாள் என்றார்கள். அடுத்த வருஷம் மெழுகுத்திரித் திருநாளுக்கு மறுநாள் ஹைட் நிலத்தில் இருபது கோல் இருந்தது: அவிஸுக்குப் பன்னிரண்டு, எம்மட்டுக்கு எட்டு. அவிஸ் விதைச்சாக்கை உதறி அளந்தாள். எட்டுக் கோலுக்கு இருந்தது. ஒரு பிடி கூடவும் இல்லை, ஒரு பிடி குறையவும் இல்லை.

"உன்னோடதுல போடு," என்றான் ஹாஃப்யார்டு. அவன் தாடை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. "நான் சொல்றதை ஒரு தடவையாவது கேளு. அவ பட்டணத்துல இருக்கா. கப்பல் வரும், ஏதாவது கெடைக்கும். உனக்கு யாரு இருக்கா?"

"அவளுக்கு மட்டும் யாரு இருக்கா?"

"செத்துப்போவே அவிஸ்."

"தெரியும். மாட்டைப் புடி."

எட்டுக் கோலிலும் விதைத்தாள். தன் பன்னிரண்டைச் சும்மா விட்டாள். கோடை முழுக்க மழை. ஊர் முழுக்கப் பயிர் கறுத்து, தலை சாய்ந்து, பூஞ்சை நாற்றம் அடித்தது. சரிவில் அந்த எட்டுக் கோல் மட்டும் நிமிர்ந்து மஞ்சளாக நின்றது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் நனைந்துகொண்டே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பசியில் இருந்தவர்கள், ஆனாலும் ஒருவரும் வேலியைத் தாண்டிக் கை வைக்கவில்லை. வைத்தும் பயன் இல்லை. அறுத்தபோது கதிர் அத்தனையும் சுத்தமாகக் காலியாக இருந்தது. அவிஸ் ஒரு கைப்பிடி உமியை முகர்ந்து பார்த்துத் தலையாட்டினாள்.

நவம்பரில் அவள் பானையில் வைக்க ஒன்றும் இல்லை. வெந்நீரில் புல்வேர் போட்டுக் குடித்தாள், பிறகு வெந்நீர் மட்டும். மார்ட்டின் திருநாள் கழிந்த மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் காலிக் கிண்ணத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். வேறு எங்கே உட்கார்வது என்று தெரியவில்லை. நாக்கில் உப்பு கரித்தது. பிறகு சூடாக, கொழுப்பாக, அவள் ஆயுளில் ருசித்தே இராத ஏதோ ஒன்று தொண்டையில் இறங்கியது. வயிறு நிறைந்தது. கன்னம் சிவந்தது. பல்லிடுக்கில் ஏதோ குத்தியது. விரலை விட்டு எடுத்துப் பார்த்தாள். ஒரு மீன் முள்.

அந்த நேரம் ஹாஃப்யார்டு அரைக் கிண்ணம் அவரைக் கூழோடு உள்ளே வந்தான். அவன் வீட்டில் இருந்ததே அவ்வளவுதான்.

"நீ குடி," என்றாள் அவிஸ். "நான் சாப்ட்டாச்சு."

"எதை?"

"மீன்னு நினைக்கிறேன்."

ஹார்ல்கோமிலிருந்து கடல் இரண்டு நாள் தூரம். ஹாஃப்யார்டு அவள் உள்ளங்கையில் இருந்த முள்ளைப் பார்த்தான், வீடு முழுக்க வீசிய வாசனையை முகர்ந்தான். மெதுவாகத் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான். அப்புறம் உட்கார்ந்து தன் கூழைத் தானே குடித்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும், பொழுது சாய்கிற அதே நேரத்துக்கு, அவிஸ் கிண்ணத்தின் முன் போய் உட்கார்ந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஓஸ்பர்ட்டின் வண்டி சேற்றில் தள்ளாடிக்கொண்டு வந்தது. தெருவில் எலும்பும் தோலுமாக நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தவன், அவிஸைப் பார்த்ததும் கடிவாளத்தை இழுத்து நிறுத்தினான். ஊரில் முகத்தில் சதை இருந்தது அவள் ஒருத்திக்குத்தான். விவரம் கேட்காமலே அவன் சொல்ல ஆரம்பித்தான். எம்மட்டைப் பார்த்துக்கொள்கிற மீன்காரி ஒரே புலம்பலாம்.

"அந்தக் குட்டிக்கு எட்டு வயசுகூட முடியலை. உக்காந்தா ரெண்டு பெரிய ஆளு சாப்பாட்டைச் சாப்பிடுதாம். படித்துறையில மீன் சுத்தம் பண்ணி, வேலைக்குக் கூலியா மீனே வாங்கிட்டு வந்து சாப்பிடுதாம். வயித்தைப் பார்த்தா ஒட்டித்தான் கெடக்கு. எங்கேடி போகுது, யாருக்குடி இம்புட்டுச் சாப்பிடுறேன்னு கேட்டா, வீட்டுக்குங்குது. எந்த வீட்டுக்குன்னு கேட்டா அதுக்குச் சொல்லத் தெரியலை."

அவிஸ் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். தலைத்துணியின் முனையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு அந்த மீன்காரியிடம் ஹெர்ரிங்குக்கு உப்பைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல் என்றாள். ஓஸ்பர்ட் சொல்கிறேன் என்றான்.